கொட்டகையில் எழுந்து உட்கார்ந்தவன்

அயோவா
அக்டோபர் 6, 2003

வெர்லின்,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. பெயர் மட்டும் போதும்.

நான் அக்கா ஆர்டிஸ் வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ ஃபோன் செய்தாய் என்று அக்கா சொன்னாள். இனிமேல் செய்யாதே. உன் குரல் காதில் விழுந்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. இங்கே அவளுடைய பேரக்குழந்தைகள் வேறு இருக்கிறார்கள். எழுத்து என்றால் கொஞ்சமாவது யோசித்துத் திட்டலாம்.

வெள்ளிக்கிழமை நான் வருவதாகவே இல்லை. என் ராய்ஸின் குழி மேல் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. நீதான் என் வாசலில் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். "நெடீன், நீ இல்லாம இந்த வருஷம் கொட்டகையைத் திறக்க எங்களுக்கு மனசே வராது. மொத ஆளா நீதான் நடக்கணும். ராய்ஸுக்கு அதுதான் பிடிக்கும்" என்றாய். நான் அதை நம்பி, தலை வாரி, அவனுடைய கம்பளிச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தேன்.

உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாததா? ஹாலோவீனுக்காக உன் கொட்டகையில் நீயும் ராய்ஸும் பேய்வீடு கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இதே கூத்துதான். புதிதாக என்ன பொம்மை செய்திருக்கிறீர்கள் என்று வீட்டுப் பெண்களிடம் மூச்சு விட மாட்டீர்கள். முதல் நாள், ஊர்க்கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன்னால், எங்களை ஒவ்வொருத்தியாக நடக்கவிடுவீர்கள். பலகைச் சுவருக்குப் பின்னால் ஆண்கள் எல்லாரும் காதை ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள். யார் அலறல் பெரிதோ அவள் புருஷனுக்கு முதுகில் தட்டு. ராய்ஸுக்காக நான் வருஷா வருஷம் அலறியிருக்கிறேன், பாதி நிஜமாக, பாதி அவன் சந்தோஷத்துக்காக. உங்கள் பேய்களுக்கு ரத்தம் காய்ச்சித் தந்தது என் சூப் பானையில்தான். உங்கள் முதல் பொம்மைக்கு என் பின்வாசல் வலைக்கதவை மெதுவாக மூடவைக்கும் காற்று இழுப்பானைக் கழற்றிக்கொண்டு போனீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் சிரித்தவள்தான் நான்.

கடைசி அறைக்கு வந்தேன். கால்மிதி காலுக்கடியில் அமுங்கியது. அதை மிதித்தால்தான் காற்று ஏறிப் பொம்மை கிளம்பும் என்று எனக்குத் தெரியும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராகவே நின்றேன். சவப்பெட்டியின் மூடி திறந்தது. எதுவும் துள்ளிக் குதிக்கவில்லை. தினமும் கட்டிலிலிருந்து எழுவது போலவே இடது முழங்கையை ஊன்றி, சற்று நிதானித்து, அப்புறம் தலையைத் தூக்கி, என் புருஷன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

நான் அலறவில்லை. "இவ்ளோ நேரம் எங்க போயிருந்தே?" என்று கேட்டேன். நீ சுவருக்குப் பின்னால் இருந்தாய், உன் காதில் விழுந்திருக்கும். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு அவன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன், வெர்லின். பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். பிறகு உஸ்ஸென்று காற்று இறங்கியது. அவன் மல்லாக்கச் சாய்ந்தான். எனக்குப் பின்னால் வந்த ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவரின் மனைவி போட்ட அலறலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டினீர்கள்.

நீயும் நானும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். எங்கள் கல்யாணத்தில் அவன் பக்கத்தில் தோழனாக நின்றவன் நீ. அன்றிலிருந்து என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இறந்து ஒரு மாதம்கூட ஆகாத மனுஷனின் முகத்தை ரப்பரில் வார்த்து ஊருக்கு வேடிக்கை காட்டுவதற்கு முன்னால், அவன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா?

அந்த முகத்தைக் கழற்று. அடுத்த வெள்ளிக்கு முன்னால் கழற்று.

நெடீன்


ஆஷ்பி, ஒஹாயோ
அக்டோபர் 11

நெடீன்,

உன் கடிதம் வந்தது. பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பாதி படித்தேன். அப்புறம் ஒரு பஸ்ஸின் பிரேக்கைத் தப்பாகப் பூட்டிவிட்டு, கழற்றி, மறுபடியும் தப்பாகப் பூட்டினேன். பிள்ளைகள் ஏறுகிற பஸ். அதனால் மீதியை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

எனக்கு உன் அளவுக்கு எழுத வராது. இருந்தாலும் சொல்கிறேன்.

கேட்கவில்லை என்கிறாய். கேட்டாயிற்று. ராய்ஸ் உன்னிடம் கேட்டான், நீ சரி என்றாய். "நெடீன்கிட்ட சொல்லிட்டேன். மொதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, அப்புறம் சிரிச்சா. உன் இஷ்டம்னுட்டா" என்று அவனே என்னிடம் சொன்னான். இப்போது நீ எதுவுமே தெரியாத மாதிரி எழுதினால் நான் என்ன செய்ய?

அந்த முகத்தை நான் திருடவில்லை. அவனாகத் தந்தான். ஜூலையில், வைக்கோல் கட்டின் மேல் மல்லாந்து படுத்து, மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழலைச் செருகிக்கொண்டு, பிளாஸ்டர் இறுகும்வரை அசையாமல் கிடந்தான். அச்சைக் கழற்றினதும் எழுந்து உட்கார்ந்து, "செத்துப் பழகிட்டேன்டா, ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எழுந்திருக்கிற விதமும் அவன் யோசனைதான். எனக்கு எப்போதும்போலப் படாரென்று துள்ள வேண்டும். பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு பஸ்ஸின் கதவு சிலிண்டரைப் பூட்டியிருந்தேன். கம்ப்ரசர் காற்றை முழுசாக விட்டால் பொம்மையின் தலை கூரையில் போய் இடிக்கும். அவன் விடவில்லை. "குதிக்கிறதப் பாத்து யார்டா இப்பல்லாம் பயப்படறாங்க? தூங்கறவன் எழுந்திரிக்கிற மாதிரி வரணும்" என்றான். காற்று போகிற வழியில் ஒரு சின்னத் திருகை வைத்து, அதை மயிரிழை மயிரிழையாகத் திருகிப் பார்த்துக்கொண்டு எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருந்தான். அந்த முழங்கைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன சிலிண்டர். அதுவும் அவன் கேட்டதுதான்.

கழற்ற மாட்டேன். நேற்றும் ஓடியது. முப்பத்தொன்றாம் தேதிவரை ஓடும். அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நீ வாயைத் திறந்துவிட்டாய், அதனால் நானும் திறக்கிறேன். இந்தக் கோடை முழுக்க நான் பேசாமல் இருந்தேன். கொட்டகையிலிருந்து அவன் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், வாசலிலேயே நிற்கவைத்துக் கிழிப்பாய். அதையெல்லாம் விடு. செப்டம்பரில் உங்கள் நிலவறையிலிருந்து அந்தப் பழைய ஃப்ரீசரை மேலே ஏற்றினீர்களே, அன்றைக்கு நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். நீ படிக்கு மேலே நின்று, "ஒழுங்காத் தூக்கு, சோம்பேறி! என்னமோ கிழவன் மாதிரி மூச்சு வாங்கறே" என்று கத்திக்கொண்டிருந்தாய். அவன் கீழ்ப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு சாம்பல் நிறத்தில் நின்றான். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

அப்படிப்பட்ட இதயத்தை வைத்துக்கொண்டிருந்தவனை அந்தப் படியில் ஏற்றினாயே, நெடீன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டான். அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "ஒண்ணுமே இல்லாம நல்லா இருந்தான், திடீர்னு போயிட்டான்" என்று நீ அழுததை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் எழுந்து வெளியே போனதை நீ பார்த்திருப்பாய். இப்போது காரணத்தையும் தெரிந்துகொள்.

வெர்லின்


அயோவா
அக்டோபர் 15

வெர்லின்,

எப்படிப்பட்ட இதயம்?

உன் மற்ற வசவுகளுக்கு அப்புறம் வருகிறேன். அந்த ஒரு வரியை நான் சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகமாகி, அக்காவிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னேன். ராய்ஸுக்கு இதயத்தில் என்ன? உனக்கு என்ன தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்?

அவன் என்னிடம் எந்த முகத்தைப் பற்றியும் கேட்கவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வைத்திருந்த தாடியை ஜூலையில் ஒருநாள் வழித்துக்கொண்டு வந்து நின்றான். ஏன் என்றதற்கு, "வெயில் தாங்கல" என்றான். நம்பினேன். பிளாஸ்டர் பூசத்தான் அது என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

சிலிண்டர் கதையெல்லாம் வேண்டாம். நேராக எழுது.

நெடீன்


ஆஷ்பி
அக்டோபர் 19

நெடீன்,

இதை எத்தனையோ தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். காரில் ஏறி அங்கேயே வந்துவிடலாமா என்றும் பார்த்தேன். ஃபோனே வேண்டாம் என்றவள் வாசலில் ஆளைப் பார்த்தால் என்ன செய்வாளோ என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு தரம் கேட்கிறேன். உனக்கு நிஜமாகவே தெரியாதா?

சரி.

ஜூன் மாதம் ராய்ஸ் கொலம்பஸில் ஒரு இதய டாக்டரைப் பார்த்தான். தானியக் கிடங்கு வேலையாகப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பான். இதயம் பெருத்து, தசை தளர்ந்துபோய், பாதிகூட வேலை செய்யவில்லை என்றார்களாம். அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம், பிழைத்தால் உண்டு, மேசையிலேயே போனாலும் போகலாம் என்றார்களாம். செய்யாவிட்டால் அடுத்த கோடை சந்தேகம். கனமே தூக்கக் கூடாது. அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

என்னிடம் கொட்டகையில் வைத்துச் சொன்னான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தக் கையை நீட்டினேன், "ஓடட்டும்" என்றான். அந்த இரைச்சலுக்குள்தான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். நான் முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான், அதை நீ நம்ப வேண்டும்.

"நெடீனுக்குத் தெரியுமாடா?"

"தெரியும். வந்த அன்னிக்கே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அழுதா. அப்புறம், இதப் பத்தி இந்த வீட்ல பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டா. எப்பவும் போல இருக்கணுமாம், எப்பவும் போலத் திட்டுவாளாம். நீயும் அவகிட்ட வாயத் திறந்துடாதே, வெர்ல். ஒரு வார்த்தை கேட்டேன்னா உடைஞ்சு போயிடுவா. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன்.

அதற்கப்புறம் நீ அவனைத் திட்டும்போதெல்லாம், இவளுக்கு என்ன நெஞ்சுறுதி என்று மலைத்துப் போனேன். போகப்போக, நடிப்பு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றிவிட்டது. ஃப்ரீசர் அன்றைக்கு உன்னை வெறுத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பொம்மைக்கு எதற்குடா உன் முகம் என்று நான் கேட்காமல் இல்லை. "வருஷா வருஷம் அக்டோபர்ல நான் உங்களோடயே இருப்பேன்ல" என்றான். சொல்லிவிட்டுத் திருகைத் திருகப் போய்விட்டான்.

அன்றைக்கு நீ "எங்க போயிருந்தே" என்று கேட்டது எனக்குக் கேட்டது. எல்லாம் தெரிந்தவள் கேட்கிற கேள்வியா அது என்று அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். நான் கைதட்டவில்லை, நெடீன். அதை மட்டும் நம்பு.

வெர்லின்


அயோவா
அக்டோபர் 25

வெர்லின்,

கொலம்பஸுக்கு ஃபோன் செய்தேன். டாக்டரே பேசினார். நல்ல மனுஷன், தயங்கித் தயங்கிப் பேசினார். அடுத்த தரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொன்னாராம். "அவளுக்கு எல்லாம் தெரியும் டாக்டர், வர மாட்டா" என்றானாம். ஆக உனக்கு ஒரு நெடீன், டாக்டருக்கு ஒரு நெடீன். எல்லாம் தெரிந்த, அழுது முடித்த, யாரும் எதுவும் கேட்க வேண்டாத நெடீன். ஊரெல்லாம் அவளைக் காட்டிவிட்டு, வீட்டில் என்னை உட்கார வைத்திருந்தான்.

ஃப்ரீசரைப் பற்றிச் சொல்கிறேன். நீ பாதியில் வந்தாய், முழுசையும் கேள். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "வா, அதை மேல ஏத்திடலாம்" என்றேன். "இப்பவா?" என்றான். "இல்ல, கிறிஸ்துமஸுக்கு" என்றேன். எழுந்து வந்தான். படியின் கீழே நின்று ஃப்ரீசரை ஒரு பார்வை பார்த்தான், என்னையும் பார்த்தான். நான் சரியாக நினைத்துப் பார்க்கிறேன், அவன் வாய் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. 'என்னால் முடியாது' என்று சொன்னால் போதும். 'வெர்லின் வரட்டும்' என்றால் போதும், நான் ஒரு கத்துக் கத்திவிட்டு விட்டிருப்பேன். அவன் குனிந்து தூக்கினான். நான் மேலே நின்று சோம்பேறி என்றேன், கிழவன் என்றேன். அன்று சாப்பிட்டதும் படுக்கப் போனான். "ஒரு ஃப்ரீசருக்கே இந்தப் பாடா?" என்று அதற்கும் ஒன்று சொன்னேன். சிரித்துக்கொண்டே போனான்.

அவனுக்குத் தெரியும், வெர்லின். அந்தக் கனம் தன்னை என்ன செய்யும் என்று தெரிந்தேதான் தூக்கினான். என் கையால் போவதற்கு என்னை ஒரு வார்த்தை கேட்டானா? சாகிறவரைக்கும் நான் சுமக்க வேண்டியதை என் தலையில் ஏற்றிவிட்டு, சொல்லாமல் போய்விட்டான். இதற்குப் பெயர் அன்பாம். அக்கா அப்படித்தான் சொல்கிறாள், "உன்ன நோகடிக்க வேணாம்னு நெனச்சிருப்பான்" என்கிறாள். எனக்குக் காப்பிக் கோப்பையைத் தூக்கி அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அறுவை வேண்டாம் என்று அவன் முடிவு செய்தானே, அது அவனுக்கு மட்டும் சொந்தமான முடிவா? நான் கெஞ்சியிருப்பேன். கெஞ்சியும் மாட்டேன் என்றிருந்தால், சரி, போ என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு கோடை முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து விடைபெற்றுக்கொண்டீர்கள். இது கடைசியாக இருக்கலாம் என்று தெரிந்து நீ அவனைப் பார்த்தாய், அவன் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் சிரித்தாய். எனக்குக் கிடைத்தது அடுப்பில் ஆறிப்போன சாப்பாடும், அதற்கு நான் போட்ட சண்டையும்தான். அக்டோபர் தோறும் உங்களோடு இருக்க அவ்வளவு பாடுபட்டு ஒரு மெஷின் செய்யத் தெரிந்தவனுக்கு, என்னோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து உண்மையைச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீ. சத்தியம் பண்ணினேன் என்று எழுதுகிறாய், ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி. தபால் ஆபீஸில் என்னைப் பார்த்தாய். தேவாலயத்தில் என் பின் வரிசையில் உட்கார்ந்தாய். என் வீட்டில் வந்து சோளம் தின்றுவிட்டுப் போனாய். "எப்படி இருக்கே, நெடீன்?" என்று ஒரே ஒரு தரம், முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் போதும். நான் "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்றிருப்பேன், உனக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். நீ கேட்காமல் இருந்தது சத்தியத்துக்காக இல்லை. கேட்டால் நான் அழுவேன், அதைப் பார்க்க உனக்குத் தெம்பில்லை. அவனுக்கும் அதே வியாதிதான். நீங்கள் இரண்டு பேரும் பேய் செய்து ஊரைப் பயமுறுத்துகிறவர்கள், ஒரு பொம்பளை அழுதால் ஓடி ஒளிகிறவர்கள்.

அவன் என்னை ஏமாற்றினான். நீ சௌகரியமாக ஏமாந்தாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நெடீன்


ஆஷ்பி
நவம்பர் 2

நெடீன்,

நீ எழுதியதில் மறுக்க எதுவும் இல்லை. சௌகரியமாக ஏமாந்தாய் என்றாயே, அதைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சும்மா விறகு வெட்டினேன். இரண்டு குளிர்காலத்துக்குப் போதும்.

எனக்கும் ஒன்று புரிந்தது. உனக்குத் தெரியாது என்று அவன் சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றிருப்பேன். சத்தியமாவது ஒன்றாவது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான், தெரியும் என்று சொன்னான். என்னை அடைக்க எந்தத் திருகை எவ்வளவு திருக வேண்டும் என்று அவனுக்குக் கணக்குப் பிசகவில்லை. அதோடு போகவில்லை. இத்தனை வருஷம் என் தங்கை மாதிரி இருந்தவளை வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவன் பெட்டியைத் தோளில் தூக்கும்போது நான் உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை அவனால் எனக்குத் திருப்பித் தர முடியுமா? நீ புருஷனைத் திட்டுகிறாய், உனக்கு உரிமை இருக்கிறது. நான் யாரைத் திட்டுவது?

பொம்மையை எடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. கடைசி இரண்டு நாள் கூட்டம் அந்த அறைக்கு வந்து காலிச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனது. தீயணைப்புத் தலைவர் என்னைக் கொட்டகை வாசலில் பிடித்து, "வெர்ல், உனக்கென்ன கிறுக்கா? பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் அதப் பாக்கத்தான் வராங்க" என்று குதித்தார். "பழுது" என்றேன். "அப்ப சரி பண்ணு, மெக்கானிக்தானே நீ!" என்றார். "சரி பண்ண முடியாத பழுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்றுக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன், அந்த ரப்பர் முகத்தைக் கீறி எடுத்துவிடலாம் என்று. தார்ப்பாயை விலக்கினேன். அவன் படுத்திருந்தான். சரி, முதலில் நாலு வார்த்தை திட்டிவிட்டு அப்புறம் கீறலாம் என்று காற்றை ஏற்றி எழுப்பினேன். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்துக் கோபப்பட்டுப் பழக்கமே இல்லை, என்ன செய்ய? சிலிண்டரில் கசிவு இருக்கிறது. வால்வைத் திறந்து காற்றை விட்டுக்கொண்டே இருந்தால்தான் உட்கார்ந்திருப்பான், இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவிடுவான். அதிலும் ஒரு டைமர் இருக்கிறது, கூட்டம் நகர வேண்டும் என்று கொஞ்ச நேரத்தில் அதுவே படுக்க வைத்துவிடும். அவன் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னால் முடியாது. நீ சொல். முகத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து உனக்கு அனுப்பட்டுமா? இல்லை, எரித்துவிடட்டுமா? பிளாஸ்டர் அச்சும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் உடைத்துவிடுகிறேன். நீ சொல்கிறபடி.

எப்படி இருக்கே, நெடீன்? தாமதமாகக் கேட்கிறேன், தெரியும்.

வெர்லின்


அயோவா
நவம்பர் 7

வெர்லின்,

நன்றாக இல்லை. கேட்டதற்கு நன்றி.

முகத்தை அனுப்பாதே. எரிக்கவும் வேண்டாம். அச்சை வேண்டுமானால் உடைத்துப் போடு, எனக்கு ஒரு ராய்ஸே போதும் போதும் என்று இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் வரவில்லை. அடக்கத்தில் நீ எழுந்து வெளியே போனதற்கு உன்மேல் ஒரு கோபம் வைத்திருந்தேன், அது மட்டும் போய்விட்டது. நீ நினைத்தது நிஜமாக இருந்திருந்தால் நானும் வெளியே போயிருப்பேன். மற்றது அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், நாம் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்கிறாள் அக்கா. இங்கே உள்ள பாதிரியாரும் அதையே சொல்கிறார். மன்னிப்பதற்கு முன்னால் திட்ட வேண்டாமா? நான் அவனைத் திட்டியதெல்லாம் சேற்றுக் காலோடு சமையலறையில் நடந்ததற்கு, சாப்பாட்டுக்கு நேரத்தில் வராததற்கு, வலைக்கதவு அடித்ததற்கு. அவன் செய்த பெரிய காரியத்துக்கு இன்னும் ஒரு சொல்கூடத் திட்டவில்லை.

கல்லறைக்குப் போய்த் திட்டலாம் என்று முதலில் நினைத்தேன். அங்கே அவன் படுத்துக்கிடக்கிறான். வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எவ்வளவு கோபம் இருந்தாலும், அவன் தூங்கிவிட்டான் என்றால் எழுப்பிச் சண்டை போட மாட்டேன், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். படுத்துக்கிடக்கிறவனை என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அவன் எழுந்து உட்கார வேண்டும்.

நான் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். நேராகக் கொட்டகைக்குத்தான் வருவேன். பெரிய கதவு இரண்டையும் திறந்து வை, உள்ளே வெளிச்சம் வேண்டும். அந்தப் பலகைச் சுவரைக் கழற்றிவிடு. யாரையும் கூப்பிடாதே. டைமரையும் பிடுங்கி எறி. வால்வை நீயே கையால் திறந்து பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நில், நான் சொல்வதை முகத்துக்கு நேராக நீயும் கேள். அழுவேன். பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், ஓடக் கூடாது.

ஃப்ரீசரில் தொடங்குவேன், ஜூனுக்குப் போவேன், அப்புறம் எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. நேரம் ஆகும். சிலிண்டர் கசிகிறது, கை வலிக்கிறது, கம்ப்ரசர் சூடாகிறது என்று எதையும் என்னிடம் சொல்லாதே. உன் தொட்டியில் எவ்வளவு காற்று பிடிக்குமோ அவ்வளவையும் நிரப்பி வை. நான் பேசி முடிக்கும்வரை அவனைப் படுக்க விடாதே.

நெடீன்